காப்பிக்கு வந்தார்கள், தேயிலைக்குத் தங்கினார்கள்

ஊர் விட்டு ஊர் – 9

ராவென்ஸ்டைனைப் போன வாரம் பார்த்தோம். ஜெர்மனியில் பிறந்து லண்டனுக்குக் குடிபோன நிலப்பட வல்லுநர். பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கை அலசி, இடப்பெயர்வுக்கும் விதிகள் உண்டு என்று 1885-ல் எழுதியவர். பெரும்பாலோர் கிட்டத்து ஊருக்கே போகிறார்கள், ஒரு திசையில் ஆள் போனால் எதிர்த்திசையிலும் கொஞ்சம் பேர் திரும்புகிறார்கள் என்றார். பின்னால் வந்த அறிஞர்கள் இதை உந்துவிசை, ஈர்ப்புவிசை என்று பிரித்தார்கள். பஞ்சம் தள்ளும், கூலி இழுக்கும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தள்ளும் ஊருக்கும் இழுக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறான். அவனைக் கணக்கில் எடுக்காமல் இலங்கை மலையகத் தமிழரின் கதையைச் சொல்லவே முடியாது. அவன்தான் கங்காணி.

1823-ல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜார்ஜ் பேர்ட் காப்பித் தோட்டம் போட்டார். மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறார்கள். கண்டிச் சீமை விவசாயிகளுக்குச் சொந்த வயல் இருந்தது. தோட்டத்தில் கூலிக்கு நிற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அக்கரையில், சென்னை மாகாணத்தில், நிலமில்லாத லட்சக்கணக்கானோர் பண்ணைக் கடனில் கிடந்தார்கள். துரை கொடுத்த முன்பணத்தோடு கங்காணி கடல் தாண்டி வந்தான். வேற்றூருக்குப் போகவில்லை, தன் ஊருக்கே, தன் சாதி சனத்திடமே வந்தான். பண்ணையாருக்குப் பட்ட கடனை அடைத்தான், வழிச்செலவுக்குக் காசு கொடுத்தான். அத்தனையும் கூலியின் பெயரில் பற்று எழுதப்பட்டது. தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவன் கடன்காரன்.

ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார். அங்கிருந்து காடு வழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் கங்காணியின் கீழ் வேலைக்கு நின்றார்கள். விடியுமுன் தப்பு அடிக்கும், பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தோட்டம் காசு கொடுத்தது. ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அவள் கூலியோடு அவன் காசும் போகும். சொந்தக்காரன் என்பதால் பரிவு காட்டிய கங்காணிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் படுத்தவளை எழுப்பினால்தான் அவனுக்கு லாபம் என்று ஏற்பாட்டையே அமைத்திருந்தார்கள்.

ஒருவர் போய், தன் உறவை அழைத்து, அந்த உறவு இன்னொருவரை அழைப்பதைச் சங்கிலித்தொடர் இடப்பெயர்வு என்கிறது ஆய்வுலகம். உலகெங்கும் குடியேற்றங்கள் பலவும் இப்படித்தான் வளர்ந்தன. மலையகத்தில் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கடன் பூட்டியிருந்தது. தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். எவ்வளவு பாக்கி என்பது அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற தோட்டத்துக்கே கூலி போகலாம். 1921-ல்தான் துண்டு ஒழிந்தது. 1901-ல் தகரச் சீட்டு முறையும் வந்திருந்தது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று காட்டும் எண் பொறித்த சிறு வில்லை அது. அதைக் காட்டினால் வழியில் டிக்கெட் எடுக்க வேண்டாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். சரக்குக்கு முகவரி ஒட்டி அனுப்புவதைப் போல மனிதரை அனுப்பினார்கள் என்பதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது பயிர் மாற்றம். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் கை நிறைய ஆள் வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் கணிசமானோர் ஊர் திரும்பினார்கள். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஏறிவிட்டது. தேயிலையில் கொழுந்து எடுப்பது ஆண்டு முழுக்க ஓயாத வேலை. பெண்கள் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், குடும்பமாக வேண்டும். லயத்தில் வரிசையாக ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில நேரம் அதற்கு மேலும். பிறப்பு, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாம் அங்கேயே நடந்தன. தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோயில் எழுந்தது. போய்வருவோராக இருந்தவர்களைக் குடிகளாக்கியது தேயிலைச் செடி. தோட்ட வேலைக்கு ஆள் போவதை 1939-ல் இந்திய அரசு தடை செய்தபிறகு புதுவரவும் நின்றது.

ஆனாலும் லயத்து அறை தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும் வரைதான் கூரை. குடியேற்றம் நிலைத்ததா என்பதற்கு நான் ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதில்லை. வேலை நின்ற மறுநாளும் அந்த வீட்டில் இருக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனின் பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்: நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை.

அரசுக் காகிதத்தில் இது ‘தாயகம் திரும்புதல்’. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் இந்தியாவை அதுவரை கண்டதேயில்லை. ராவென்ஸ்டைன் சொன்ன எதிர்த்திசை ஓட்டம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது இன்னொரு முதல் வருகை. இவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டேன்டீ அதுதான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்துக் கூடை, மறுபடி தோட்டத்து வீடு. அங்கே ‘இந்தியாக்காரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ல் சட்டம் குடியுரிமை தந்தது. 2023-ல் இருநூறு ஆண்டு நிறைவுக்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் போன தடத்திலேயே, மலையக மக்கள் நடந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்குமான நில உரிமை முக்கியமானது. அதற்கு முந்தைய ஆண்டு, டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு ஆணையிட்டிருந்தது. ஓய்வுபெற்றும் தோட்ட வீடுகளிலேயே இருந்த குடும்பங்கள், இனி எங்கே போவது என்று நீலகிரியில் போராட்டத்தில் இறங்கின.

(தொடரும்)