மாரிகாலத் தோட்டமும் நம் கிணறும்

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் வந்தால் தோட்ட வேலை குறையத் தொடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் தோட்டம் தொடங்குகிறது. புரட்டாசியில் மண்ணைக் கொத்தி, ஐப்பசி மழையோடு நட்டு, தையிலும் மாசியிலும் காய் பறிப்பது எங்கள் கரவெட்டிப் பக்கத்து வழக்கம்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டில் பயிரிடுவதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மரக்கறி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுத்தோட்டம் நினைவுக்கு வருகிறது. எந்த மாதத்தில் எதை நடுவது, எந்தப் பசளையை எவ்வளவு இடுவது என்று தெரிந்து செய்தால்தான் அது பயன்தரும். எங்கள் ஊரில் இந்தக் கேள்வி கிணற்றுத் தண்ணீரோடும் சேர்ந்தது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமே தருகிறது. அந்த மழைநீர் மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் சேர்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே நிலத்தின் கீழே அது உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும். மாரியில் பயிரிட்டால் தண்ணீரில் பெரும்பங்கை மழையே ஊற்றிவிடும். கோடைத் தோட்டத்துக்கோ ஒவ்வொரு வாளியும் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும்.

இனி, மாதங்களின்படி வேலைகளைப் பார்ப்போம்.

புரட்டாசியில் கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளை நாற்றுக்குப் போடவேண்டும். பெருமழை நேரே விழாத தாழ்வாரத்தில், அடியில் துளையிட்ட பெட்டி போதும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பற்றி, நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். கத்தரியில் ‘தின்னவேலி ஊதா’ என்று நம் பக்கத்து ஊரின் பெயரிலேயே ஓர் இனம் உண்டு. நான்கைந்து வாரங்களில் நாற்று நடுவதற்குத் தயாராகும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தண்ணீரை வடியவிடுவதே முக்கிய வேலை. வேரும் சுவாசிக்கிறது, மண்ணின் இடைவெளிகளில் நீர் நிறைந்தால் ஒட்சிசன் கிடைக்காமல் வேர் அழுகும். ஆகவே பாத்தியை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி, இடையில் வாய்க்கால் விடவேண்டும். வெண்டி, பயிற்றை, பாகல், புடோல் ஆகியவற்றை இக்காலத்தில் போடலாம். கொடிகளுக்குப் பந்தல் வேண்டும். வளவு இல்லாதவர்கள் அரிசிச் சாக்கில் மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, பக்கங்களில் துளையிட்டு நடலாம்.

மார்கழியில் மழை குறைந்து இரவுகள் குளிரும். பீற்றூட், கரட், கோவா போன்றவற்றுக்கு நம்மிடம் இருக்கும் குளிர்காலம் இதுதான். கரட் விதையைப் பாத்தியிலேயே நேரே போடவேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் முறிந்து கிழங்கு கிளைவிடும். தை பிறந்து வெயில் ஏறியதும் செடிகளின் அடியில் சருகையும் வைக்கோலையும் பரப்பினால் மண்ணின் ஈரம் எளிதில் போகாது.

அடுத்தது பசளை. சென்ற மாரியில், செடிகள் விரைவாக வளரட்டும் என்று யூரியா வாங்க வாப்பா நினைத்தார். எங்கள் பாத்திக்கும் கிணற்றுக்கும் இடையே 15 அடிதான் இருக்கிறது. அப்போது ராத்தாவின் நான்கு மாதக் குழந்தைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மா கரைத்தோம். வகுப்பில் படித்ததை வாப்பாவிடம் சொன்னேன். யூரியாவில் 46 வீதம் நைதரசன் உள்ளது. மண்ணில் அது நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்று மண்ணில் ஒட்டி நிற்காது. செடி எடுத்தது போக மிஞ்சியதை மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் பல கிணறுகளில் அதற்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கும். உதடும் நகமும் நீலமாகும்.

“கொதிக்க வைத்தால் போகாதா மகள்?” என்று உம்மம்மா கேட்டார். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இதைக் கேட்டதும் யூரியாப் பேச்சை வாப்பா விட்டுவிட்டார். குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கினோம். கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

யூரியாவுக்குப் பதிலாக என்ன செய்யலாம்? முன்னோர் செய்த குழை தாழ்த்தல் இருக்கிறது. பூவரசு, சீமைக்கிளுவைக் குழைகளையும் பனையோலையையும் மண்ணில் புதைப்பார்கள். அவை மெதுவாக உக்குவதால் நைதரசனும் சிறிது சிறிதாகவே வெளிவரும். வேர் அதை எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பயிற்றையின் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனையே பிடித்துத் தருகின்றன. ஆனால் மாட்டெருவையும் கோழி எருவையும் அளவின்றிக் கொட்டினால் அவற்றிலிருந்தும் நைத்திரேற்று இறங்கும். எருக்குவியலைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் வைத்து, மழை படாமல் மூடவேண்டும். பசளையை அடைமழைக்கு முன் இடாமல், மழை விட்ட நாளில் சிறிது சிறிதாக இடவேண்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. நம் பாத்தியில் இடுவது பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகலாம். அயலவர் கிணற்றைக் கெடுக்காமல் காய் பறித்தால்தான் அந்தத் தர்மம் முழுமையாகும். புரட்டாசி வருமுன் ஒரு சாக்கு மண்ணும் ஒரு கைப்பிடி விதையும் எடுத்து வையுங்கள். பாத்தி போடுமுன் கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.