இரண்டு முறை காணாமல்போன ரயில்... மதுரை - போடி பாதையின் கதை தெரியுமா?

மூணாறு ட்ரிப் போனவங்க டாப் ஸ்டேஷன்ல நின்னு ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீங்க. மலை உச்சியில இருக்கிற ஒரு வியூ பாயின்ட்டுக்கு 'ஸ்டேஷன்'னு ஏன் பேர் வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? காரணம் சிம்பிள். ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே ரயில் வந்தது.

அந்த ரயிலுக்கு 'குண்டளவேலி ரயில்வே' என்று பெயர். தேயிலை எஸ்டேட் கம்பெனி போட்ட பாதை. 1902-ல் முதலில் வந்தது ஒற்றைத் தண்டவாள வண்டி. அதை இழுத்தவை மாடுகள். 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல குறுகிய ரயில் பாதை போட்டார்கள். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர் வழியாக வெளியூர் போகும். பாதையும் கம்பெனியுடையது, ரயிலும் கம்பெனியுடையது, சரக்கும் கம்பெனியுடையது. 1924 வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது. கம்பெனி திரும்பக் கட்டவே இல்லை.

இதில் ஒரு சோகமான காமெடி இருக்கிறது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-ல். அதாவது, மலை ரயில் செத்து நாலு வருஷம் கழித்து! இரண்டும் சந்தித்திருந்தால், மூணாறு தேயிலை கிட்டத்தட்ட முழு தூரமும் தண்டவாளத்திலும் ரோப்வேயிலுமே போயிருக்கும்.

சரி, 1928-ல் வந்த அந்த ரயிலை ஓட்டியது யார்? தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பெயர்தான் தென்னிந்தியா, கம்பெனி பதிவானது லண்டனில். இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அந்தக் காலத்தில் 'ரயில் யாருது', 'ஓட்டுறது யாரு' என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இந்தக் கம்பெனியின் பாதைகளை அரசு 1890-களின் தொடக்கத்திலேயே விலைக்கு வாங்கிவிட்டது. ஆனால் ஓட்டும் வேலையை கம்பெனியிடமே விட்டுவைத்தது. வீடு ஒருத்தருக்கு, வாடகை வசூல் இன்னொருத்தருக்கு என்பது மாதிரி. தமிழ்நாட்டின் சில பாதைகளுக்கு ஜில்லா போர்டுகள்கூட ஓனராக இருந்திருக்கின்றன. மாயவரம் - முத்துப்பேட்டை பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுடையது, திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையும் ஜில்லா போர்டு போட்டதுதான். ஓட்டியது மட்டும் இதே கம்பெனி.

போடி ரயிலுக்கு ஆயுசு அதிகமில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது, இரும்பு தேவைப்பட்டது, பாதையை மூடித் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். சரக்கும் ஜனமும் குறைவாகப் போகும் கிளைப் பாதைகள்தான் இந்த மாதிரி நேரத்தில் முதலில் பலியாகும். 1944 ஏப்ரல் 1-ல் கம்பெனியிடமிருந்து நிர்வாகம் அரசு கைக்கு வந்தபோது, போடிப் பக்கம் கைமாற்றிக்கொள்ள ரயிலே இல்லை!

1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. அந்தப் பத்தாண்டின் முதல் பாதியிலேயே போடிக்கு மறுபடி தண்டவாளம் போட்டு, மீட்டர்கேஜ் வண்டி ஓட ஆரம்பித்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என நின்று நின்று போகும் அந்த வண்டியைப் பற்றி உங்க தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

அப்புறம் அகலம்தான் வில்லன் ஆச்சு. மீட்டர்கேஜ் என்றால் 1,000 மில்லிமீட்டர், பிராட்கேஜ் 1,676. நாடு முழுக்க ஒரே அகலம் என்று 1992-ல் ரயில்வே முடிவெடுத்தது. மதுரையின் மெயின் லைன்கள் எல்லாம் பிராட்கேஜ் ஆனபோது, போடி பாதை தனித்தீவாக நின்றது. இந்தப் பெட்டி அங்கே போகாது, அந்த இன்ஜின் இங்கே வராது. 2010 முடிவோடு, அகலப்படுத்தும் வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள்.

வேலை எவ்வளவு நாள் நடந்தது தெரியுமா? 2022 மே 26-ல்தான் தேனி வரைக்கும் பாதை திறக்கப்பட்டது. 75 கிலோமீட்டர், செலவு 500 கோடி ரூபாய்க்கும் மேல். போடி வரைக்குமான மொத்த 90 கிலோமீட்டரும் ஓட ஆரம்பித்தது 2023 ஜூன் 15-ல். ரயில் நின்றபோது அஞ்சாம் வகுப்பு படித்த தேனிப் பையன், ரயில் திரும்ப வருவதற்குள் காலேஜே முடித்திருப்பான். அவனுடைய ஸ்கூல், காலேஜ் நாள்களில் மதுரை என்றால் பஸ்தான். அந்தப் பன்னிரண்டு வருஷப் பஸ் டிக்கெட் எந்த புராஜெக்ட் செலவுக் கணக்கிலும் வராது.

போடி, ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் இங்கே நடக்கிறது. இன்றைக்கு இந்த ஊரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே நேர் ரயில் இருக்கிறது. ஆனால், வாரத்துக்கு மூணு நாள்தான். மிச்ச நாள்களில் மதுரையில் இறங்கி மாறணும்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து கம்பம் வழியாகக் குமுளிப் பக்கம் ஒரு ரயில் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்கள் இந்தப் பக்கம், முடிவெடுப்பவர்கள் டெல்லியில். லண்டனை விட டெல்லி கிட்டதான் என்பது மட்டும்தான் இப்போதைக்கு ஆறுதல்!