நீலி வருகிறாள், எங்கள் மொட்டைமாடிக்கு

சத்தம் போடாமல் மாடிப்படி ஏறி வாருங்கள். இந்தச் சனிக்கிழமை ராத்திரி இங்கேதான் புதுக்கதை தொடங்கப்போகிறது. ஆடப்போகும் நால்வருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன், மனசு தாங்கவில்லை!

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கிவைத்த வகை ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வழுவழுப்பான புத்தகங்கள், குட்டிப் பொம்மைகள் என்று வாங்கப் போனால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் எங்கள் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகாது. அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கதைக்குத்தான் அலைந்தேன். செலவு, டிக்கெட் காசு மட்டும்.

முதலில் பொன்னேரியில் பஸ் பிடித்துப் பழவேற்காடு போனேன். 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். கோட்டை புதருக்குள் கிடக்கிறது; கல்லறைத் தோட்டம் நிற்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்றிடம் மணற்கடிகாரம்! பார்த்ததும் நோட்டைத் திறந்துவிட்டேன். பிறகு பூண்டி அருங்காட்சியகம், அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவையாம். அந்தக் காலத்துக் கைக்கோடரியைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் கதை கிடைத்தது திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், பழையனூரில்.

நீலி கதை கேட்டிருப்பீர்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியிலும் அவனைத் துரத்துகிறாள். அவன் இப்போது வணிகன். கையில் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் வந்து அழுகிறாள்: “இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்.” எழுபது வேளாளர்கள் நம்புகிறார்கள். “வாளை வைத்துவிட்டு அவளோடு போ, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை” என்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுத் தேவாரத்திலேயே இந்த வஞ்சகத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

இதில் சண்டைக்காட்சியே கிடையாது, கவனித்தீர்களா? அதுதான் என்னைத் துள்ள வைத்தது! என் நால்வரும் வீரர்கள் இல்லை. அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். வாளை வாங்குவதா, விடுவதா? இது ஒன்றுதான் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நீலிக்கண்ணீர் என்றால் பொய்யழுகை என்று ஊர் பேசுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளை பொய்யாக இருக்கலாம், கொலையுண்டவளின் கண்ணீர் பொய்யில்லை. சபை அதைக் கேட்டறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். நால்வரில் ஒருவர் அவளிடம் சரியான கேள்வியைக் கேட்கவேண்டும்.

பகடை பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இருபது பக்கப் பகடைக்குப் பதில் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் வெறும்பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறும்பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு. 16-இல் ஒரு வாய்ப்பு. இருபது பக்கப் பகடையில் இருபது விழும் அபூர்வத்துக்கு ஏறக்குறைய இதுவும் சமம்! தாயம் விழ 8-இல் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சிமெண்ட் தரையில் அவை உருளும் ‘கிணுங்’ சத்தத்துக்கு எந்த பிளாஸ்டிக் பகடையும் ஈடாகாது.

இதோ, இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாருங்கள். பழைய வாயில் புடவையில் சுற்றிய காய்ந்த கள்ளிக் கொம்பு. பால் வற்றட்டும் என்று இரண்டு வாரம் வெயிலில் போட்டேன். தூக்கிப் பாருங்கள், கைப்பிள்ளைபோல ஒரு பக்கம் சரிகிறது இல்லையா?

சனிக்கிழமை மாடி விளக்கை அணைத்துவிடுவேன். வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு மட்டும் தூரத்தில் தெரியும். “கொஞ்சம் பிடிங்க அண்ணே, பிள்ளை தூங்குது” என்று நீலியின் குரலில் இதை நீட்டப்போகிறேன். முதலில் யார் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்களோ!