சூடேறும் மின்மாற்றி: பழைய வால்வு அம்பிளிபயரைக் காப்பது எப்படி?

நம் மூத்தோர் ரங்கூன் என்றே அழைத்துப் பழகிய யாங்கோன் நகரம், தமிழரின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றது. அங்கு 1871ஆம் ஆண்டில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய காளி கோயில் இன்றும் நிலைத்து நிற்கின்றது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் வணிகம் அரசுடைமையாக்கப்பட்டதும் இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினர். எஞ்சியோர் வாழ்ந்த இல்லங்களிலும் கோயில்களிலும் அக்காலத்தில் ஒலித்தவை பெரும்பாலும் வால்வு வானொலிகளும் வால்வு அம்பிளிபயர்களுமே. அவற்றுள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவ்வுயிரை முதலில் பறிப்பது எது என்று கேட்டால், மின்மாற்றியின் சூடு என்பதே விடை.

கருகிய வால்வுக்கு மாற்று தேடிப் பெறலாம். ஆனால் கருகிய மின்மாற்றிக்கு மாற்றுக் கிடைப்பது அரிது. அதிலும், மரவீட்டில் இரவு முழுவதும் புகையும் மின்மாற்றி அம்பிளிபயரை மட்டுமன்றி வீட்டையே எரித்துவிடக்கூடும். ஆதலால் சூட்டின் காரணத்தை அறிவது அவசியமாகும்.

வால்வுக் கருவியின் மின்மாற்றி இளஞ்சூடாக இருப்பது இயல்பே. கையைச் சில விநாடிகள்கூட வைக்க இயலாவிடில் ஐயப்பட வேண்டும். காகிதமும் வாணிஷும் கொண்ட பழைய காப்பு 105 பாகை செல்சியஸ் வரையே தாங்கும். வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. யாங்கோனின் சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது இக்கணக்கு மேலும் கடுமையாகின்றது.

முதலில் கருவிக்கு வெளியே நோக்குவோம். மியன்மாரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆயினும் பகலில் மின்னழுத்தம் தாழ்வதால் பல வீடுகளில் ஸ்டெப் அப் பொருத்தியிருப்பர். பகலில் உயர்த்தி வைத்த குமிழை இரவில் இறக்க மறந்தால், ஊர் உறங்கிச் சுமை குறைந்த வேளையில் மின்னழுத்தம் அளவு மீறும். பழைய கருவியின் பின்புறத்தில் 110, 127, 220, 240 என்ற தெரிவுகளில் எது பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் காண்க. 60 ஹேர்ட்ஸுக்கென அமைந்த அமெரிக்க மின்மாற்றியை, அதே மின்னழுத்தத்தில் 50 ஹேர்ட்ஸில் இயக்கினால், இரும்பு உள்ளகத்தின் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும், சூடும் கூடும். மாறாக, நம் நாட்டுக் கருவியைக் கனடாவுக்குக் கொண்டு சென்றோர் 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தும் மின்மாற்றி வைத்துக்கொண்டால் போதும். அங்குள்ள 60 ஹேர்ட்ஸ் தீங்கு செய்யாது.

இனி உள்ளே செல்வோம். ஓர் எச்சரிக்கை: மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதனை இறக்கி, மீற்றரால் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும். மின்மாற்றியே இல்லாத வானொலிகளும் உண்டு. அவற்றின் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் பாயலாம். பழக்கமில்லாதோர் உள்ளே தொடாது, அறிந்தவரை அழைப்பதே நன்று.

சோதனைக்கு 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுக்கவும். விளக்கு அணைந்தோ மங்கியோ இருந்தால் மின்மாற்றி பெரும்பாலும் நலமே. பிரகாசமாக எரிந்தால், இரண்டாம் சுற்றுக் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பார்க்கவும். அப்போதும் எரிந்தால் மின்மாற்றியின் உட்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அறியலாம். அணைந்தால், குற்றம் வெளிக் கம்பிகளிலோ குறிகாட்டி விளக்கின் தாங்கியிலோ உள்ளது.

அடுத்து, விளக்கு தொடரிலேயே இருக்க, ரெக்டிஃபையர் வால்வை மட்டும் சிறிது நேரம் பொருத்தவும். விளக்கு தொடர்ந்து பிரகாசித்தால் வடிகட்டும் கண்டென்சர் கசிகின்றது எனலாம். கண்டென்சரை மாற்றும்போது "பெரிது நல்லது" என்று எண்ணலாகாது. ஜி.இசட். 34 வால்வுக்கு முதற் கண்டென்சரின் உச்ச வரம்பு 60 மைக்ரோஃபரட். அதனை மீறினால் வால்வும் மின்மாற்றியும் ஒருங்கே துன்புறும்.

இறுதியாக வெளியீட்டு வால்வு. ஈ.எல். 84 ஒன்றை 250 வோல்ட்டில், 135 ஓம் கதோட் ரெசிஸ்டருடன் இயக்கினால், அந்த ரெசிஸ்டரின் குறுக்கே ஏறத்தாழ 7.2 வோல்ட் இருத்தல் வேண்டும்; அதாவது 53 மில்லி அம்பியர். அங்கே 13.5 வோல்ட் தென்பட்டால் ஓட்டம் 100 மில்லி அம்பியர். சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கின்றது. பெரும்பாலும் இதன் குற்றவாளி, முந்திய வால்விலிருந்து ஒலியைக் கடத்தும் சிறு காகிதக் கண்டென்சரே. வெளியீட்டு வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் காட்டுகிறதா என்று பார்க்கவும். வால்வைக் கழற்றிய பின்னும் அது நீடித்தால் கண்டென்சர் கசிகின்றது. மறைந்துவிட்டால் வால்வே பழுது. விலை குறைந்த இப்பொருளை மாற்றாமல் மின்மாற்றியை மட்டும் புதிதாகக் கட்டினால், புதியதும் கருகும்.

மின்மாற்றியே கெட்டிருந்தால் எறிந்துவிட வேண்டாம். இரும்புத் தகடுகள் கெடுவதில்லை. காயில் கட்டுவோரிடம் கொடுக்கும் முன், ஒவ்வொரு கம்பியின் நிறத்தையும் அது செல்லும் இடத்தையும் வரைந்து வைக்கவும். பிரித்தெடுக்கும்போது சுற்றுகளை எண்ணவும் கம்பியின் தடிப்பை அளக்கவும் சொல்லவும். 220, 230, 240 என மூன்று தெரிவுகள் வைத்துக் கட்டுவித்தல் நலம்.

பியூஸ் எரிந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். உரிய அளவுள்ள பியூஸ் தன்னை எரித்துக்கொண்டு மின்மாற்றியைக் காக்கும். செப்புக் கம்பி தான் தப்பித்துக்கொண்டு வீட்டை எரிக்கும்.