பஞ்சம் பதிந்த பிரசவக் குறிப்புகள்

1944 செப்டம்பரில் நெதர்லாந்து ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னேறி வந்த நேச நாட்டுப் படைகளுக்குக் கைகொடுப்பதே அவர்களின் நோக்கம். நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மனி பழிவாங்கியது. மேற்குப் பகுதிக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தது. தடை ஓரளவு தளர்ந்தபோது படகுகள் போக வேண்டிய கால்வாய்கள் உறைந்துபோயிருந்தன.

அந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்குக் கிடைத்த ரேஷன் நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரிதான். டூலிப் கிழங்குகளை வேகவைத்துத் தின்றார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்த பிறகுதான் உலை மறுபடி கொதித்தது.

ஊரே பட்டினி கிடந்த அந்த நாட்களிலும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்மினா மருத்துவமனையில் பிரசவங்கள் நடந்துகொண்டிருந்தன. குறிப்பெழுதும் வேலையும் நிற்கவில்லை. தாயின் எடை, கடைசி மாதவிலக்குத் தேதி, குழந்தையின் எடை, நீளம், தலைச்சுற்றளவு, நஞ்சுக்கொடியின் எடை என்று எல்லாம் பதிவாயின.

அந்த மருத்துவமனை 1983-இல் பல்கலைக்கழக மருத்துவ மையத்துடன் இணைந்தது. பழைய குறிப்புகள் தப்பிப் பிழைத்தன. 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை அங்கே பிறந்த 2,414 பேரை ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். நகர மக்கள்தொகைப் பதிவேட்டின் உதவியோடு அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வயதை எட்டியிருந்தவர்களில் 741 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள்.

கருவில் பட்ட பசி பிற்காலத்தில் உடலைப் பாதிக்குமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை மருத்துவ உலகை உலுக்கியது. கரு உருவான முதல் மாதங்களில் பஞ்சத்தில் சிக்கியவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. பஞ்சம் தீண்டாதவர்களிடம் அது 3.2 சதவீதம்தான். கருவில் பட்டினியை அனுபவித்தவர்களின் உடலுக்கு, நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவின் தொடக்கத்தில் பசியைச் சந்தித்த குழந்தைகள் பிறக்கும்போது நல்ல எடையுடன்தான் இருந்தார்கள். தராசுக்குத் தெரியாத பாதிப்பு அது. எந்த மாதத்தில் பசி தாக்கியது என்று காட்டிக்கொடுத்தது, தாயிடம் கேட்டு யாரோ எழுதிவைத்த மாதவிலக்குத் தேதி.

நமக்குப் பக்கத்திலும் இதே கதை நடந்தது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை பிரசவப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்த 517 பேரை ஆராய்ந்த கட்டுரை 1996-இல் வெளியானது. இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய்; 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். தென்னிந்தியரின் இதய நோய்க்கும் தாயின் வயிற்றில் கிடைத்த ஊட்டத்துக்கும் உள்ள தொடர்பை அந்தப் பழைய ஏடுகளே காட்டின.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஆம்ஸ்டர்டாமிலும் மைசூரிலும் அப்படிச் செய்திருந்தால் இந்த உண்மைகள் எடைக்குப் போன காகிதத்தோடு போயிருக்கும். இடமில்லை என்று பழைய பிரசவப் பதிவேடுகளைக் கழிக்க நினைக்கும் மருத்துவக் கல்லூரிகள், அதற்கு முன் அவற்றை ஸ்கேன் செய்து, நோயாளிகளின் அந்தரங்கத்துக்குப் பங்கம் வராமல் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.