சுவரில் பூக்கும் கறுப்புப் புள்ளி

மழை பிடித்துவிட்டால் நமது லயங்களில் சுவர் காய்வதே இல்லை. கூரை மூலையிலும், கட்டிலுக்குப் பின்னாலும், அலுமாரிக்குப் பின்பக்கமும் கறுப்பாகப் புள்ளி விழும். துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். இதுதான் பூஞ்சணம். நாலு நாள் வைத்த பாணில் பூக்கிறதே, அதே சாதிதான். கண்ணுக்குத் தெரியாத தூளைக் காற்றில் விடும். அந்தத் தூளைத்தான் பிள்ளைகள் இரவு முழுக்க மூச்சில் இழுக்கிறார்கள்.

சுவரில் பூப்பதெல்லாம் பூஞ்சணம் இல்லை. பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கடற்காற்று படும் சுவர்களில் வெள்ளையாய்ப் பொரிந்து கிடக்கும். அது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரைந்துவிடும். பூஞ்சணம் கரையாது, ஊத்தை நாற்றமும் வரும். இன்னொரு வித்தியாசம், அந்தப் பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். பிறகு மாசக்கணக்கில் வெயில், சுவர் காய்ந்துவிடும். மலைநாட்டில் நமக்கு இரண்டு பருவ மழையும் உண்டு, நடுவில் பனிமூட்டமும் உண்டு.

அதோடு காம்பராவின் அமைப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முதுகோடு முதுகு ஒட்டிய லயமென்றால் பின்பக்க ஜன்னலே கிடையாது. அதற்குள்ளேதான் சோறு கொதிக்கிறது, மலையிலிருந்து வந்த ஈரப் படங்கும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் காய்கிறது. வெளியே கான் அடைபட்டுச் சுவரடியில் தண்ணீர் நிற்கிறது. இப்படி இருக்கப் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? "வீட்டைச் சுத்தமாய் வைக்கத் தெரியாது" என்று தாய்மாரைத் திட்டுவது சுகம். கூரைத் தகரம் ஒழுகுவதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், மூச்சுத் தொற்று, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் எழுதி வைத்தது. விறகுப் புகையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்கு இழுப்பு வந்தால், மூச்சை எடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தால், பால் குடிக்க மாட்டேனென்றால், காலை வரைக்கும் பார்க்காதீர்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயசு வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை 40 வந்தாலே ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். காய்ந்த விளக்குமாற்றால் தட்டினால் தூள் வீடெல்லாம் பறக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, மூக்கைத் துணியால் கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு அசிட்டையோ வேறு கழுவும் மருந்தையோ கலக்கவே கூடாது, நச்சுப் புகை வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். படங்கை இஸ்தோப்பில் தொங்கவிடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் மெத்தையும் கம்பளியும் வெளியே வரட்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பெயின்ற் அடிப்பது காசுக்குக் கேடு.

பெயின்ற் என்றதும் ஒரு சங்கதி. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில், வாடகை வீட்டில் பூஞ்சணம் என்று ஒரு தகப்பன் 2017இலேயே முறையிட்டார். மேலே பெயின்ற் அடியுங்கள் என்றார்களாம். 2020 டிசம்பரில் அவருடைய மகன் அவாப் இஷாக் இறந்தான், இரண்டு வயசு. பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2023இல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27 முதல், அங்கே சமூக வாடகை வீட்டில் கடுமையான ஈரம் பற்றி முறையிட்டால் வீட்டுக்காரர் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், உயிராபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள்.

அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் லயமும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லாத வீடுதான். கூரையும் கானும் திருத்துவது தோட்டத்தின் வேலை. வாயால் சொன்னால் மறந்துபோகும். லய இலக்கம், எந்தச் சுவர், எப்போதிருந்து ஒழுக்கு, வீட்டில் எத்தனை பிள்ளை, யாருக்கு இழுப்பு என்று எழுதி, திகதி போட்டு, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் கையெழுத்து வாங்கி வையுங்கள். எழுத முடியாதவர்கள் நமது நலன்புரி அறைக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.