அணி போனது, கடன் நின்றது

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஓர் அணி ஊர் மாற வேண்டுமானால், மாறுகிற ஆண்டின் பிப்ரவரி 15-க்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். அங்கே பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர், வேலைக்குப் போன இளைஞர்கள், இங்கிருந்தபடியே விடியற்காலையில் எழுந்து ஆட்டம் பார்ப்பவர்கள் என எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒன்றைத்தான்: வரிப்பணத்தில் அரங்கம் கட்டிக் கொடுத்த பிறகும் அணி எப்படி ஊரைவிட்டுப் போகிறது?

இதற்கான பதிலைச் செயின்ட் லூயிஸ் நகரின் குத்தகைப் பத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனையில் பார்க்கலாம்.

அந்த ஒரு நிபந்தனை

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ், 1988-இல் தன் கார்டினல்ஸ் அணியை அரிசோனாவிடம் பறிகொடுத்தது. வேறோர் அணி வரும் என்ற நம்பிக்கையில் மாநிலம், நகரம், கவுண்டி மூன்றும் சேர்ந்து கடன் பத்திரம் வெளியிட்டுக் கூரையுள்ள அரங்கம் ஒன்றைக் கட்டத் தொடங்கின. ஆண்டுத் தவணை 2.4 கோடி டாலர். அதில் பாதி மாநிலத்தின் பங்கு. 1993-இல் லீக் அறிவித்த இரண்டு புதிய அணிகளும் சார்லட்டுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் போய்விட்டன. கடன் ஏறிவிட்டது, ஆட அணி இல்லை. அந்த நிலையில் இருந்த ஊரோடுதான் ரேம்ஸ் அணி பேரம் பேசியது. 1995-இல் தெற்கு கலிபோர்னியாவிலிருந்து வந்து, 30 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டது.

2005-இலும் 2015-இலும் அரங்கம் 'முதல் தரத்தில்' இருக்க வேண்டும், தவறினால் அணி நீண்ட குத்தகையிலிருந்து விலகலாம் என்றது அந்த நிபந்தனை. குடிவருபவர் கூரை ஒழுகக் கூடாது என்று கேட்பது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் பத்திரம் 'முதல் தரம்' என்று சொன்னது வேறு. லீகின் அரங்குகளை வரிசைப்படுத்தினால், அதில் முதல் 25 சதவீதத்துக்குள் இது வர வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் போதாது. சொகுசு அறைகள், இருக்கைகள், ஸ்கோர்போர்டு, விளக்குகள் எனப் பகுதி பகுதியாகத் தேற வேண்டும். 32 அணிகள் உள்ள லீகில் அது முதல் எட்டு இடம்.

கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. முதல் எட்டு இடத்தில் இருப்பது அடுத்தவர் கையில் இருக்கிறது. அரிசோனாவின் கிளெண்டேலில் 2006-இல் புது அரங்கம் திறந்தது. 2008-இல் இண்டியானாபொலிஸ், 2009-இல் டாலஸ் அருகே ஆர்லிங்டன், 2010-இல் நியூ ஜெர்சி, 2014-இல் சாண்டா கிளாரா. ஒவ்வொரு திறப்பு விழாவின்போதும் செயின்ட் லூயிஸ் அரங்கம் வரிசையில் கீழே தள்ளப்பட்டது. அதன் செங்கல் ஒன்றுகூடப் பெயரவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 32 ஊர்களும் இதே நிபந்தனைக்குக் கையெழுத்திட்டால், எவ்வளவு செலவழித்தாலும் 24 ஊர்கள் தோற்றே ஆக வேண்டும். பராமரிப்பு நிபந்தனை என்ற பெயரில் அணிக்குக் கொடுக்கப்பட்டது வெளியேறும் வழி.

2012-இல் அரங்க நிர்வாகம் 12.4 கோடி டாலருக்கு மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. அதில் பாதிக்கு மேல் அணி தர வேண்டும் என்றது. அணி கேட்ட மாற்றங்களுக்கோ சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. 2013 பிப்ரவரியில் மூவர் நடுவர் குழு அணியின் பக்கம் தீர்ப்பளித்தது. நடுவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பத்திரத்தில் இருந்ததைப் படித்தார்கள், அவ்வளவுதான். அத்தனை பணம் போட முடியாது என்று நிர்வாகம் கைவிரித்தது. 30 ஆண்டுக் குத்தகை ஆண்டுக் குத்தகையாகச் சுருங்கியது. 2014-இலேயே அணியின் உரிமையாளர் ஸ்டான் குரோன்கி லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இங்கிள்வுட்டில் நிலம் வாங்கியிருந்தார்.

லீக் சொல்லும் 'கொள்கை'

ஓர் அணி இருக்கும் ஊரிலேயே நிலைத்திருக்க நேர்மையாக முயன்றிருக்க வேண்டும் என்கிறது லீகின் இடமாற்றக் கொள்கை. படித்தால் ஊருக்குக் காவலாக நிற்பதுபோலத் தெரியும். அந்த முயற்சி போதுமா என்று முடிவு செய்பவர்கள் அணி உரிமையாளர்களே. மாறும் அணி செலுத்தும் இடமாற்றக் கட்டணமும் மற்ற உரிமையாளர்களுக்கே போகிறது. ரேம்ஸ் அணிக்கு அது 55 கோடி டாலர். ஆகவே, வாக்களிப்பவர்களுக்கே பணம் சேரும் ஒரு வாக்கெடுப்பை ஊரின் பாதுகாப்பு என்று என்னால் எழுத முடியாது.

2015 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகர மன்றம் ஆற்றங்கரையில் புதிய அரங்கத்துக்கு நிதி தர ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே, 2016 ஜனவரி 12 அன்று, ஹூஸ்டனில் கூடிய உரிமையாளர்கள் 30-2 என்ற கணக்கில் ரேம்ஸ் போகலாம் என்றார்கள். தன் கொள்கையை லீக் தானே மீறியது என்று நகரமும் கவுண்டியும் 2017-இல் வழக்குத் தொடுத்தன. 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*எத்தனை வாக்கு வேண்டும்?* நான்கில் மூன்று பங்கு, 32-இல் 24.

*அரசு அணியையே கையகப்படுத்த முடியாதா?* மேரிலாந்து முயன்றது. மசோதா சட்டமாகும் முன்பே, 1984 மார்ச் 28 அன்று இரவோடு இரவாகக் கோல்ட்ஸ் அணியின் சாமான்கள் மேஃப்ளவர் நிறுவன லாரிகளில் பால்டிமோரிலிருந்து இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டன.

*பெயர் யாருக்கு?* பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. கிளீவ்லேண்ட் 'பிரவுன்ஸ்' பெயரையும் நிறங்களையும் காப்பாற்றிக்கொண்டது. அங்கிருந்து பால்டிமோர் போன அணி 'ரேவன்ஸ்' ஆனது.

*தடுக்கும் சட்டம் எங்காவது உண்டா?* ஒஹாயோவில் 1996 முதல் உண்டு. வரிப்பணத்தில் நிற்கும் அரங்கில் ஆடும் அணி, ஊரின் சம்மதம் இல்லாமல் போவதானால், ஆறு மாத முன்னறிவிப்பும் உள்ளூர்க்காரர் வாங்குவதற்கு வாய்ப்பும் தர வேண்டும்.

*ஊர் மாற முடியாத அணி?* கிரீன் பே பேக்கர்ஸ், ரசிகர்களே பங்குதாரர்கள். வேறெந்த அணிக்கும் இப்படி ஓர் அமைப்பை லீக் விதிகள் இப்போது அனுமதிப்பதில்லை.

*இன்னும் பொதுப்பணம் கொடுக்கிறார்களா?* 2020-இல் ரெய்டர்ஸ் குடியேறிய லாஸ் வேகஸ் அரங்கத்துக்கு 75 கோடி டாலர், ஓட்டல் அறை வரியிலிருந்து.

*இந்தியாவில் அணி ஊர் மாறியதுண்டா?* உண்டு. ஐஎஸ்எல் கால்பந்து லீகின் டெல்லி டைனமோஸ் 2019-இல் புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்சி ஆனது.

இனி எந்த ஊரிலாவது அரங்கம் கட்ட வாக்குக் கேட்டு வந்தால், கட்டட வரைபடத்தைப் பார்க்கும் முன் குத்தகைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் அரங்கம் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அடுத்த ஊர் அரங்கத்தைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த வரியை அடிக்கும்வரை கையெழுத்து வேண்டாம். ரேம்ஸ் கிளம்பிப் போன பிறகும் பல ஆண்டுகள், அணி இல்லாத அரங்கின் கடனுக்கு மாநிலமும் செயின்ட் லூயிஸ் மக்களும்தான் தவணை கட்டினார்கள்.